பாஸ்டன் நகரின் ஆப்பிரிக்க மன்றம்

பிரீமேசன் அமைப்பைப் பற்றி நம்மிடையே வழங்கும் செய்திகளுட் பெரும்பாலன அதன் மறைச் சடங்குகளைப் பற்றியனவே. அதன் ஊர்க்கிளை ஒன்றன் வரலாற்றை ஆவணங்கொண்டு நோக்கினார் அரியர். அக்கிளையை ஆங்கிலத்தில் 'லாட்ஜ்' என்பர். நம் நாட்டில் அச்சொல் தங்கும் விடுதிக்கே உரியதாகிவிட்டமையின், யாம் 'மன்றம்' என்றே குறிக்கின்றோம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் கறுப்பின மக்கள் நிறுவிய ஆப்பிரிக்க மன்றமே ஈண்டு யாம் ஆராயப் புகுவது.

அதனை நிறுவியவர் பிரின்ஸ் ஹால் என்பார். பிரின்ஸ் என்பது இயற்பெயரேயன்றி இளவரசர்க்குரிய பட்டமன்று. அவர் தோல் பதனிடும் தொழிலர். அவர் பார்படோஸ் தீவிற் பிறந்தார் என்று கிரிம்ஷா என்பார் 1903இல் எழுதினார். பலரும் அதனை வழிமொழிந்தனர். அதற்குச் சான்று யாதும் இல்லை என்பது பின்னரே தெளிவாயிற்று. புலவர் வரலாறுகளை ஆராயும் நமக்கு இத்தகைய கட்டுக்கதை புதிதன்று.

பிரின்ஸ் ஹாலும் வேறு பதினால்வரும் 1775 மார்ச்சு 6ஆம் நாள், பிரிட்டிஷ் படையைச் சார்ந்த அயர்லாந்து மன்றம் ஒன்றன்வழி உறுப்பினராயினர் என்பது மரபு. பழைய ஏடுகளை மீண்டும் ஆய்ந்தோருட் சிலர் 1778 என்பர். பிரிட்டிஷ் படை 1776 மார்ச்சிலேயே பாஸ்டனை விட்டு நீங்கிற்று. ஆதலின் பின்னைய ஆண்டைக் கொள்வோர் படை மன்றச் செய்தியையும் உடன் ஆராய்தல் வேண்டும்.

தொடக்கத்தில் இவர்கள் பெற்ற உரிமை மிகச் சிறிது. கூடலாம், திருநாளில் ஊர்வலம் செல்லலாம், இறந்தாரை அடக்கம் செய்யலாம். புதியோரைச் சேர்க்கும் உரிமை இல்லை. எனவே பிரின்ஸ் ஹால் 1784இல் இலண்டன் தலைமை மன்றத்துக்கு முடங்கல் விடுத்தார். அவ்வாண்டு செப்டம்பர் 29ஆம் நாளிட்டு எழுதப்பெற்ற பட்டயம் பாஸ்டனை வந்தடைந்தது 1787 ஏப்ரலில். 459 என்னும் எண்ணும் வழங்கப்பெற்றது. அண்டை வெள்ளையர் ஏற்க மறுத்தாரை, கடல் கடந்த ஓர் ஏடு ஏற்றுக்கொண்டது. அதனாலேயே அவ்வேட்டை அவர்கள் உயிரெனப் பேணினர்.

மன்றத்தின் பணி சடங்கோடு அமைந்ததன்று. 1788 பிப்ரவரியில், உரிமை பெற்ற கறுப்பினத்தார் மூவரைக் கப்பலோட்டி ஒருவன் வஞ்சித்து மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கொண்டு சென்றான். பிரின்ஸ் ஹாலும் மன்றத்தாரும் மாசசூசெட்ஸ் சட்டமன்றத்துக்கு விண்ணப்பம் விடுத்தனர். குவேக்கர்களும் குருமார்களும் தனித்தனியே விண்ணப்பித்தனர். மார்ச்சிலேயே அடிமை வாணிகத்தைத் தடுக்கும் சட்டம் நிறைவேறிற்று. மூவரும் அவ்வாண்டே மீண்டனர். அவருள் ஒருவர் பிரீமேசன் என்றும், அவரை விலைக்குக் கொள்ள அழைக்கப்பெற்ற வணிகரும் அவ்வமைப்பினரே என்றும் அக்காலக் குருவாகிய பெல்க்னாப் எழுதியுள்ளார். மறைக்குறிகளைப் பயனற்றன என்பார் இந்நிகழ்ச்சியை எண்ணிப் பார்ப்பாராக.

இலக்கிய மாணவர்க்கு இவற்றினும் இன்றியமையாதது 1797 ஜூன் 24இல் மெனோடமி என்னும் ஊரில் பிரின்ஸ் ஹால் நிகழ்த்திய உரை. பாஸ்டன் தெருக்களில் தம் மக்கள் நாள்தோறும் பட்ட இழிவை அதில் அவர் வெளிப்படையாகவே கூறினார். அது அச்சேறிற்று. அமெரிக்கக் கறுப்பினத்தாரின் தொடக்க கால அச்சு நூல்களுள் அஃது ஒன்று.

அவர் 1807இல் மறைந்தார். இங்கிலாந்தின் இரு தலைமை மன்றங்களும் 1813இல் ஒன்றியபின் ஆப்பிரிக்க மன்றத்தின் பெயர் பதிவேட்டினின்று நீங்கிற்று. அதற்குப் பின்னும் மன்றம் கலையவில்லை. 1827இல் தான் எவர்க்கும் கீழ்ப்பட்டதன்று என அறிவித்தது. இங்கிலாந்துத் தலைமை மன்றம் அதன் வழிவந்த மாசசூசெட்ஸ் அமைப்பை முறைப்படி ஏற்றது 1994இல்.