நரியின் பல்லும் குறொய்டன் பூனைகளும்

2015 தொடங்கி மூன்று வருடத்துக்கு மேலாகக் குறொய்டன் பகுதியில் பூனை வளர்த்தவர்கள் நிம்மதியாக நித்திரை கொள்ளவில்லை. தலை இல்லாமல், வால் இல்லாமல் பூனை உடல்கள் வீட்டு முற்றங்களிலும் புல்தரைகளிலும் கிடந்தன. ஆங்கிலப் பத்திரிகைகள் 'குறொய்டன் பூனைக் கொலையாளி' என்று ஒருவனுக்குப் பெயரே வைத்துவிட்டன. வேறு ஊர்களிலிருந்தும் இதே மாதிரிச் செய்திகள் வரத் தொடங்கியதும், லண்டனைச் சுற்றி ஓடும் எம் 25 பெருந்தெருவின் பெயரை அவனுக்குச் சூட்டினார்கள். பீற்றா அமைப்பு துப்புக் கொடுப்பவருக்குப் பரிசுப் பணம் அறிவித்தது. தோர்ண்டன் ஹீத்தில் மரக்கறி வாங்கப் போனால், முருங்கைக்காய்க்குப் பக்கத்தில் நின்று எங்கள் சனமும் இதைத்தான் கதைத்தது.

எங்கள் வீதியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து ஒரு தம்பி இருந்தார். பேக்கரி ஒன்றில் இரவு வேலை. விடியப்புறம் நாலு, நாலரைக்கு முதுகில் ஒரு கறுப்புப் பையோடு நடந்து வருவார். அந்த நேரத்தில் பையோடு திரிகிறவன் யார் என்று முதலில் கேட்டது ஒரு வெள்ளைக்காரக் கிழவி. ஆனால் 'அந்தப் பெடியன் ஒரு மாதிரித்தான்' என்று அதைப் பெருப்பித்தது எங்கள் ஆட்கள். நானும் ஒருநாள் யன்னல் திரையை விலக்கி அவருடைய பையைப் பார்த்தேன். ஊரில் சோதனைச் சாவடியில் என்னுடைய பையை எத்தனை பேர் அப்படிப் பார்த்திருப்பார்கள். அது அந்த நேரம் நினைவுக்கு வரவில்லை. சில மாதங்களில் அவர் அறையைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார்.

2018 செப்டெம்பரில் மெற்றோபொலிற்றன் பொலிஸ் விசாரணையை முடித்தது. மனிதர் எவரும் இதைச் செய்ததற்குச் சான்று இல்லை. பெரும்பாலான பூனைகள் வாகனத்தில் அடிபட்டு இறந்தவை. பிறகு அவற்றின் உடலை நரிகள் கடித்திருக்கின்றன என்பதுதான் முடிவு. பலர் அதை நம்பவில்லை. 'கத்தியால் வெட்டியது போல இருக்கிறது, நரி எப்படி அப்படிக் கடிக்கும்?' என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. நான் வர்த்தகம் படித்தவன், உயிரியல் எனக்குப் பத்தாம் வகுப்போடு சரி. ஆனாலும் கணக்குப் பரிசோதித்துப் பழகியவனுக்கு, ஐந்தொகை பொருந்தாமல் இருந்தால் நித்திரை வராது. மகளுடைய ஏ லெவல் உயிரியல் புத்தகத்திலிருந்து தொடங்கி வாசித்துக்கொண்டு போனேன். பூனைகளின் கதைக்குள் முலையூட்டிகளின் கதை முழுவதும் இருந்தது.

முதலில் பல். முதலையின் வாயைப் பாருங்கள். முன்னுக்கும் பின்னுக்கும் ஏறத்தாழ ஒரே கூம்பு வடிவம்தான். ஒன்று விழுந்தால் இன்னொன்று முளைக்கும். வாழ்நாள் முழுக்க முளைத்துக்கொண்டே இருக்கும். அந்தப் பற்களால் பிடிக்கலாம், கிழிக்கலாம், விழுங்கலாம், சப்ப முடியாது. முலையூட்டியின் வாயில் நாலு வகை ஆயுதம் இருக்கிறது: வெட்டும் பல், வேட்டைப்பல், முன்கடைவாய்ப்பல், கடைவாய்ப்பல். எங்களுக்கு முப்பத்திரண்டு. நரிக்கு நாற்பத்திரண்டு. நரி, நாய், பூனை போன்ற ஊனுண்ணிகளில் மேல்தாடையின் கடைசி முன்கடைவாய்ப்பலும் கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப்பலும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு கத்தரிக்கோலின் இரண்டு அலகு போல மூடும். நாய்க்கு எலும்பு போட்டால் தலையைச் சரித்து வாயின் பக்கவாட்டால் கடிப்பது இதனால்தான். கத்தரிக்கோல் அங்கேதான் இருக்கிறது. அதில் அகப்பட்ட தோலும் மயிரும் பிய்ந்து தொங்காது, நறுக்கியது போல வெட்டுப்படும். நரிக்குச் சிறுத்தையின் தாடைப் பலம் இல்லை. ஆகவே ஓர் உடலில் மெல்லிய இடம் எதுவோ அதைத்தான் அது முதலில் அறுத்தெடுக்கும். பூனையில் அந்த இடங்கள் கழுத்தும் வாலும்.

இப்படி மேற்பல்லும் கீழ்ப்பல்லும் நுணுக்கமாகப் பொருந்த வேண்டுமென்றால், முதலையைப் போல அடிக்கடி பல் மாற்றிக்கொண்டிருக்க முடியாது. அதனால்தான் முலையூட்டிகளுக்குப் பொதுவாக இரண்டே தொகுதி. முதலாவதுக்குத் தமிழ் வைத்திருக்கும் பெயர் பாற்பல். ஊரில் பல் விழுந்தால் கூரைக்கு மேலே எறிந்துவிட்டு அணிலிடம் புதுப்பல் கேட்போம். யார் இதைத் தொடக்கினார்களோ, ஆள் சரியாகப் பார்த்திருக்கிறார்: அணிலின் முன்வெட்டும் பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். இங்கே பிறந்த பிள்ளைகள் தலையணைக்குக் கீழே பல்லை வைத்துவிட்டுத் தேவதையிடம் காசு கேட்கிறார்கள். எனக்கென்னவோ அணில்தான் விஞ்ஞானப்படி பொருத்தம்.

பல் இரண்டே முறைதான் என்பதற்குப் பின்னால் பால் இருக்கிறது. முட்டைக்குள்ளிருந்து வரும் முதலைக்குஞ்சு அன்றைக்கே பூச்சி பிடித்துத் தின்ன வேண்டும், ஆகவே பிறக்கும்போதே பல் வேண்டும். தாடை வளர வளரப் பல்லையும் மாற்றிக்கொண்டே போக வேண்டும். முலையூட்டிக் குட்டிக்கு அந்த அவசரம் இல்லை. தாய் பால் தருகிறாள். தாடை ஓரளவு வளர்ந்த பிறகு பல் வந்தால் போதும். புறாவும் தன் குஞ்சுக்குத் தொண்டைப்பையில் ஊறும் ஒரு வகைப் பாலைக் கொடுக்கிறதுதான், ஆனால் அது சுரப்பியிலிருந்து வருவதல்ல, உட்சுவரிலிருந்து உரியும் கலங்கள். தோலில் உள்ள சுரப்பிகள் மாறி உருவான முலைச்சுரப்பி முலையூட்டிக்கு மட்டுமே உண்டு. அவுஸ்திரேலியாவின் பிளற்றிப்பஸ் முட்டை இடும். அதற்கும் முலைச்சுரப்பி உண்டு, ஆனால் காம்பு இல்லை. பால் தோலில் கசிய, குட்டி நக்கிக் குடிக்கும்.

இலங்கைப் பாடப்புத்தகம் இந்த இனத்தை முலையூட்டி என்றது, தமிழ்நாட்டார் பாலூட்டி என்கிறார்கள். இங்கே சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் முதல் சொல்லைச் சொன்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், மூலச்சொல்லுக்குக் கிட்ட நிற்பது அதுதான். சுவீடனைச் சேர்ந்த லின்னேயஸ் முன்னர் இவற்றை நாற்காலிகள் என்றே வகுத்திருந்தார். 1758இல் வந்த தன் நூலின் பத்தாம் பதிப்பில், முலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து புதுப் பெயர் வைத்து, நாலு கால் இல்லாத திமிங்கிலத்தையும் உள்ளே எடுத்தார். செவிலித்தாயிடம் பிள்ளையைக் கொடுக்காமல் தாயே பாலூட்ட வேண்டும் என்று அதற்கு ஆறு வருடம் முன்பே எழுதியவர் அவர்.

எங்கள் மன்னார்க் கடலில் இருக்கும் ஆவுளியாவும் இந்தப் பெயருக்குள் அடக்கம். கடற்பசு என்றும் சொல்வார்கள். மீன் போல வால், ஆனால் நுரையீரலால் மூச்சு விடும். சில நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்தாக வேண்டும். கடற்புல் மேயும். முலை, முன்துடுப்புகளின் அக்குளடியில். உறவுமுறையில் மீனை விட யானைக்குத்தான் அது சொந்தம். பதின்மூன்று, பதினான்கு மாதம் சுமந்து ஒரு குட்டி போடும். ஒன்றரை வருடம் வரை பால் கொடுக்கும். அடுத்த குட்டிக்கு மூன்று முதல் ஏழு வருடம் வரை இடைவெளி. இப்படி முதல் போட்டு மெதுவாக இலாபம் எடுக்கும் ஒரு உயிரை வலையில் சிக்கவிட்டுக் கொன்றால் கணக்கு ஒருநாளும் நேராகாது. பாக்கு நீரிணையின் மறுகரையில் தமிழ்நாடு அரசு 2022 செப்டெம்பரில் 448 சதுர கிலோமீற்றரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது.

இனி, நான் வாசித்ததில் என்னை அதிகம் பிடித்து வைத்த இடம். ஊர்வனவற்றின் கீழ்த்தாடையில் ஒவ்வொரு பக்கமும் பல எலும்புகள். முலையூட்டிக்குப் பக்கத்துக்கு ஒன்றே ஒன்று. மற்ற எலும்புகள் எங்கே போயின? 1837இல் ஜேர்மனியரான றைக்கேற் கருக்களை ஆராய்ந்து ஒரு விடை சொன்னார். ஊர்வனவில் தாடை மூட்டாக இருக்கும் இரண்டு எலும்புகள் முலையூட்டியில் சிறுத்து நடுச்செவிக்குள் போய், சம்மட்டியுருவும் பட்டையுருவும் ஆகின. மூன்றாவதான ஏந்தியுரு முன்பே அங்கே இருந்தது. முதலைக்கும் பறவைக்கும் நடுச்செவியில் ஒரு எலும்புதான், எங்களுக்கு மூன்று. இரவில் எலி புல்லுக்குள் அசையும் சின்னச் சத்தத்தை நரி கேட்பது, ஒரு காலத்தில் இரை கடித்த எலும்புகளால்.

இந்த மாற்றத்தின் பாதி வழியில் நின்ற ஒரு பிராணி வேல்ஸில் கிடைத்தது. அதைக் கண்டெடுத்தவர் வால்ற்றர் கூனே. நாஸி ஜேர்மனியிலிருந்து 1938இல் பிரித்தானியாவுக்குத் தப்பி வந்த அகதி. போர் தொடங்கியதும் அவரை 'எதிரி நாட்டவர்' என்று ஐல் ஒஃப் மான் தீவில் தடுத்து வைத்தார்கள். தடுப்பு முகாமில் இருந்துகொண்டும் சொமசெற்றில் தான் எடுத்த புதைபடிவங்களை ஆராய்ந்தார். விடுதலையான பிறகு, வேல்ஸின் கிளமோகன் பகுதிக் கற்குழியில் கிடைத்த ஒரு சிறு பல்லை வைத்து 1949இல் 'மோகனுகொடொன்' என்று பெயர் வைத்தார். மோகன் நாட்டுப் பல் என்று பொருள். மூஞ்சூறு அளவு பிராணி, இருபது கோடி வருடப் பழமை. பின்னர் கிடைத்த தாடைகளில் பழைய மூட்டும் புதிய மூட்டும் இரண்டுமே பக்கத்தில் பக்கத்தில் வேலை செய்கின்றன. அதற்குப் பாற்பல்லும் இருந்தது.

பல் வந்துவிட்டது, ஆனால் சூடான உடல் வந்துவிட்டதா? 2020இல் வெளியான ஓர் ஆய்வில் மோகனுகொடொனின் பல்வேரில் மரத்தின் வளையம் போல வருடத்துக்கு ஒன்றாகப் படியும் வளையங்களை எக்ஸ் கதிரால் எண்ணினார்கள். பதினான்கு வருடம் வரை வாழ்ந்திருக்கிறது. இன்றைய மூஞ்சூறு, எலி போன்ற அந்த அளவு முலையூட்டி ஒன்றிரண்டு வருடம், மிஞ்சினால் மூன்று. ஆகவே அந்தப் பழைய பிராணி ஊர்வன போல மெதுவாகத்தான் எரிந்திருக்கிறது. அதோடு சேர்த்து ஆராய்ந்த இன்னொரு பிராணியின் பெயர் கூனேயோதீரியம். தடுத்து வைக்கப்பட்ட அகதியின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

சூடான உடல் என்பது செலவு கூடிய வீடு. ஒரே எடையுள்ள ஊர்வனவோடு ஒப்பிட்டால் முலையூட்டி ஏறத்தாழப் பத்து மடங்கு சக்தியைச் செலவழிக்கிறது. மலைப்பாம்பு ஒருமுறை விழுங்கிவிட்டு மாதக்கணக்கில் கிடக்கும். நரிக்கு நாளாந்தம் வேண்டும். மயிர் வெப்பத்தைக் காக்கிறது, பிரிமென்றகடு காற்றை இழுக்கிறது, செங்குழியங்கள் கருவைக்கூட வெளியே தள்ளிவிட்டு ஒட்சிசனுக்கு இடம் விடுகின்றன. இதெல்லாம் அந்த அடுப்பை அணையாமல் வைத்திருக்க. தை மாதக் குளிரில் நாலு மணிக்குத் தோர்ண்டன் ஹீத் வீதியில் நடமாடக்கூடியவை இரண்டு: இரைதேடும் நரி, இரவு வேலை முடிந்த மனிதன். பாம்பும் பல்லியும் அந்த நேரம் விறைத்துப் போய்க் கிடக்கும்.

இடையில் ஒன்று. ஊரில் நாங்கள் நரி என்றது இதை அல்ல. வன்னியில் ஊளையிட்டது ஓநாய்க்கும் நாய்க்கும் நெருங்கிய வேறு இனம். அதன் தலையில் கொம்பு முளைக்கும், அந்த நரிக்கொம்பு கையில் இருந்தால் வழக்கில் வெல்லலாம் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. ஊனுண்ணி எதற்கும் கொம்பு கிடையாது. அகதி வழக்குக்கு அலைந்த காலத்தில் யாராவது ஒன்று தந்திருந்தால் நானும் வாங்கியிருப்பேன் என்பது வேறு கதை.

பூனைகளுக்கு வருவோம். பொலிஸ் விசாரணையில் 25 உடல்கள் பிரேத பரிசோதனைக்குப் போயின. அவற்றில் ஆறு முதலில் சந்தேகத்துக்குரியவை என்று ஒதுக்கப்பட்டன. றோயல் வெற்றறினரி கொலிஜின் தடயவியல் நிபுணர் திரும்பப் பார்த்தபோது, முன்பு கண்ணில் படாத பல் துளைக்காயங்கள் தெரிந்தன. காயங்களைச் சுற்றி நரியின் டி.என்.ஏ. இருந்தது. வேட்டைப்பல் துளை போடும், கடைவாய்க் கத்தரிக்கோல் நறுக்கும். வெட்டை மட்டும் பார்த்தவர்களுக்குக் கத்தி தெரிந்தது. பாதுகாப்புக் கமராக்களிலும் நரி பூனையின் தலையைத் தூக்கிப் போவது பதிவாகியிருந்தது. 2021இல் அந்தக் கல்லூரியினர் தனியாக ஓர் ஆய்வு வெளியிட்டார்கள்: 32 பூனை உடல்கள், முப்பத்திரண்டிலும் நரியின் டி.என்.ஏ. சில பூனைகள் இருதய, சுவாச நோயால் இறந்தவை, சில வாகனத்தால், சிலவற்றை நரியே கொன்றிருந்தது. இதே மாதிரி ஒரு பீதி லண்டனில் 1990களின் கடைசியிலும் வந்து, அதுவும் நரியில்தான் முடிந்தது. அந்தப் பழைய கோப்பை எங்கள் வீதியில் ஒருவரும் அறிந்திருக்கவில்லை.

பூனையைப் பறிகொடுத்த ஒரு அன்ரி இன்றைக்கும் இதை ஏற்கமாட்டார். 'தம்பி, நீங்கள் புத்தகத்தில் வாசிக்கிறீர்கள், நான் என்ர பிள்ளையைப் பார்த்தனான்' என்பார். அவரோடு வாதாடுவதில்லை.

போன வருடம் கோயில் திருவிழா ஒன்றில் அந்த பேக்கரித் தம்பியைக் கண்டேன். கலியாணம் கட்டி, ஒரு மகள். பூனைக் கதையை நான்தான் எடுத்தேன். அவர் சிரித்தார்.

'எனக்குத் தெரியும் அண்ணை. பேந்து அந்தக் கறுப்புப் பையை விட்டிட்டன். உள்ளுக்கு இருக்கிறது தெரியிற மாதிரி வெள்ளைப் பிளாஸ்ரிக் பையிலதான் பாணைக் கொண்டுவாறனான். நீங்கள் அதுக்குப் பிறகு பார்க்கேல்லையோ?'

நான் பார்த்திருக்கவில்லை. மகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்தது.