175 எடுத்தால் பாஸ்: டெக்ஸஸின் துப்பாக்கித் தேர்வு

அமெரிக்காவின் டெக்ஸஸ் மாநிலத்தில் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச்செல்ல, சட்டத் தடை ஏதும் இல்லாத 21 வயது நிரம்பியவருக்கு 2021 செப்டம்பர் 1 முதல் உரிமமே தேவையில்லை. இருந்தும் உரிமத் தேர்வுக்கு ஆட்கள் வரத்தான் செய்கிறார்கள். டெக்ஸஸ் உரிமத்தை ஏற்கும் பிற மாநிலங்களுக்கும் துப்பாக்கியோடு போகலாம் என்பது முக்கியக் காரணம்.

வகுப்பு, எழுத்துத் தேர்வு, சுடும் தேர்வு என்று மூன்று கட்டங்கள். பலரும் பயப்படுவது கடைசிக்குத்தான். மனித உருவம் அச்சிட்ட பெரிய தாளை நோக்கி 50 முறை சுட வேண்டும்: 9 அடி தூரத்தில் 20, 21 அடியில் 20, 45 அடியில் 10. நடு வளையங்களில் பட்டால் 5 மதிப்பெண். அதற்கு வெளி வளையத்தில் 4. உருவத்துக்குள் வேறெங்கு பட்டாலும் 3. மொத்தம் 250, தேற 175. முதல் 40 குண்டுகளும் நடுவில் விழுந்தாலே 200 வந்துவிடும். 45 அடியை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வது வீண்.

பதற வைப்பது நேரம். 9 அடியில் தொடக்கத்தில் ஒரு குண்டுக்கு 2 விநாடி. ஆனால் துப்பாக்கி ஏற்கெனவே கையில் இருக்கும். உறையிலிருந்து உருவ வேண்டியதில்லை. அவசரத்தில் விசையை வெடுக்கென்று இழுப்பதும், சத்தத்துக்கு முன்பே கை தாழ்வதும்தான் குறியைக் கெடுக்கின்றன. இதற்கு வீட்டுப் பயிற்சியே மருந்து. தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, துப்பாக்கி காலிதான் என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டு, முன்குறி அசையாமல் விசையை மெல்ல அழுத்திப் பழகலாம். சுடுதளத்தில் நண்பரிடம் சொல்லி, நிஜத் தோட்டாக்களுக்கிடையே போலித் தோட்டா ஒன்றைக் கலக்கச் சொல்லுங்கள். அது வரும்போது வெடிக்காது. துப்பாக்கி முனை மட்டும் குனியும். கோளாறு எங்கே என்று அப்போது தெரிந்துவிடும்.

சட்டைப்பைக்குள் அடங்கும் குட்டித் துப்பாக்கி உதைக்கும், குறியும் தப்பும். தேர்வுக்குப் பெரிய 9 மி.மீ. துப்பாக்கியை வாடகைக்கு எடுப்பது புத்திசாலித்தனம், சட்டமும் தடுக்கவில்லை. அதில் தேறியவர் உரிமம் பெற்றதும் குட்டியைச் சுமந்து திரியலாம் என்பது எனக்கு இந்தத் தேர்வின் பெரிய ஓட்டையாகவே படுகிறது. எதைச் சுமக்கப்போகிறீர்களோ, அதிலும் அதே 50 குண்டுகளைச் சுட்டுப் பாருங்கள். 175 வராவிட்டால், உரிமம் கையில் இருந்தாலும் பயிற்சி முடியவில்லை.