நினைவு பதியும் இடம்

காலையில் வந்து சென்ற மகனைப் பற்றி, "அவன் ஏன் இன்னும் வரவில்லை?" என மாலையில் வினவும் முதிய தாயர் நம் இல்லங்களில் உண்டு. இளமைக்கால நிகழ்ச்சிகளைத் தெளிவுறக் கூறுவோர் சற்றுமுன் நடந்ததை மறப்பது ஏன்?

1953-ஆம் ஆண்டு அமெரிக்காவில், வலிப்பு நோயைத் தணிக்கும் பொருட்டு, ஹென்றி மொலேசன் என்னும் 27 வயது இளைஞரின் மூளையில் அறுவை செய்யப்பட்டது. இருபுறமும் உள்ள ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில் ஒரு பாகமும், அதனைச் சூழ்ந்த திசுக்களும் அகற்றப்பட்டன. வலிப்பு குறைந்தது. பழைய நினைவுகள் பல எஞ்சின. ஆனால், 2008-இல் இறக்கும்வரை புதிய நிகழ்ச்சி எதனையும் அவரால் நினைவில் நிறுத்த இயலவில்லை.

இடம் தெரிந்தது, அங்கு நிகழும் வேலை யாது? நரம்பணுக்களிலுள்ள 'என்.எம்.டி.ஏ. ஏற்பி' என்னும் புரதத்தின்மீது அறிஞர்தம் கருத்துச் சென்றது. இரு நரம்பணுக்கள் ஒருசேரச் செயற்படும்போது இப்புரதம் வாயில்போல் திறந்து, அவற்றிடையே உள்ள பிணைப்பை வலுப்படுத்துகிறது. ஆயின், இதற்குரிய மரபணுவை உடல் முழுவதிலும் நீக்கினால் சுண்டெலிக் குஞ்சு பிறந்து சிறிது காலத்திலேயே மாண்டுபோகும். மாண்ட எலியிடம் நினைவைச் சோதிப்பது எங்ஙனம்?

ஓரிடத்தில் மட்டும் வெட்டும் கத்தரி

1987-இல் நோபெல் பரிசு பெற்ற சுசுமு தொனெகாவாவும், ஜோ சியென் முதலிய துணைவரும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இதற்கு வழி கண்டு, 1996-இல் வெளியிட்டனர். ஒருவகைச் சுண்டெலிகளில், அந்த மரபணுவின் இருமருங்கிலும் சிறு அடையாளங்களைப் பொருத்தினர். இவற்றால் மரபணுவின் பணி கெடவில்லை. வேறொரு வகையில், அவ்வடையாளங்களைக் கண்டு வெட்டும் 'கிரீ' என்ற நொதியை, ஹிப்போகேம்பஸில் 'சி.ஏ.1' எனப்படும் சிறு பகுதியில் மட்டும் சுரக்கச் செய்தனர். இவ்விரு வகைகளையும் இனச்சேர்க்கை செய்து பெற்ற சந்ததியில், அச்சிறு பகுதியில் மட்டும் மரபணு நீங்கியது. குஞ்சுகள் நன்கு வளர்ந்தன.

பின்னர் அவற்றைக் கலங்கிய நீர்த்தொட்டியில் நீந்தவிட்டனர். நீருக்குள் மறைந்த மேடை ஒன்று உண்டு. இயல்பான எலிகள் சுற்றிலுமுள்ள பொருள்களைக் கொண்டு அதன் இடத்தைக் கற்றன. மேடையை எடுத்த பின்னும் அவ்விடத்திலேயே தேடின. மாற்றப்பட்ட எலிகளோ தொட்டியெங்கும் அலைந்தன. இடத்தை நினைவில் கொள்ளத் தேவையில்லாத பயிற்சியில் அவை குறைபடவில்லை. ஆகவே, குறை கண்ணிலும் இல்லை, காலிலும் இல்லை. நினைவு பதிவதிலேயே இருந்தது.

நமக்கு இதனால் என்ன?

சுண்டெலி மனிதனன்று. முதுமை மறதியை முற்றும் போக்கும் மருந்து இன்றளவும் இல்லை. எனினும், புதிய நினைவு பதிவதற்கு மூளையின் ஒரு சிறு பகுதி செவ்வனே இயங்க வேண்டும் என்பதை இவ்வாய்வு உறுதிப்படுத்தியது. ஆல்சைமர் நோய் தொடக்கத்திலேயே தாக்கும் பகுதிகளுள் ஹிப்போகேம்பஸும் ஒன்று.

ஆதலின், கேட்டதையே பத்து முறை கேட்கும் தாய் பிடிவாதத்தால் கேட்கவில்லை. பதில் அவர் செவியில் விழுகிறது, உள்ளே தங்குவதில்லை. கடிந்துரைப்பதால் அது தங்கப்போவதுமில்லை. பத்தாம் முறையும் முதன்முறைபோல் பொறுமையுடன் விடையளிப்பதே அறிந்தோர் கடன்.