சாமியாடியும் சர்க்காரும்

மதுரையிலிருந்து திண்டுக்கல் செல்லும் புகைவண்டி மார்க்கத்தில் உள்ளது சமயநல்லூர். நால்வழிச் சாலையும் அவ்வூரை ஒட்டியே போகிறது. அந்த வட்டாரத்துக் கிராமங்களில் திருவிழா வந்து, உடுக்கை முழங்கி, பெண்டிர் குலவையிட்டால், நேற்றுவரை காடு கழனியில் உழைத்தவர் மேல் தெய்வம் இறங்குகிறது. கைபேசியில் பணம் செலுத்தும் வாலிபர்களும் அவர் முன் நின்று திருநீறு பெற்று வாக்குக் கேட்கின்றனர். இதற்காக நாம் வெட்கப்பட வேண்டுமென்று சில அன்பர்கள் உபதேசிக்கின்றனர். நமக்கு அந்த வெட்கம் உண்டாகவில்லை.

கைபேசியும் கணினிச் சில்லும் செய்து உலகெங்கும் விற்கும் தென் கொரியாவில் ‘முதாங்’ எனப்படும் தெய்வமேறிகள், பெரும்பாலும் ஸ்திரீகள், இன்றும் ‘குத்’ என்னும் சடங்கை நடத்தி வருகின்றனர். ஜப்பானியர் ஆண்ட காலத்தில் அது மூடபக்தி என்று ஒடுக்கப்பட்டது. 1970களில் சுதேசி சர்க்காரே கிராம முன்னேற்றத்தின் பெயரால் அதனை ஒடுக்கிற்று; ஊர்க்கோயில்கள் இடிக்கப்பட்டன. பின்னர் அச்சடங்குகளிற் சிலவற்றையே தேசத்தின் பொக்கிஷமென்று அது ஏற்றுக்கொண்டது. ஜேஜு தீவின் காற்றுத் தேவதைக்குரிய சடங்கு 2009இல் யுனெஸ்கோவின் பட்டியலில் ஏறிற்று. அந்நியன் ஏசியதையே சுதேசியும் ஏசியது விசித்திரந்தான்.

நம் கதை என்ன? கோயில்களில் உயிர்ப்பலியைத் தடுக்க 1950இல் சட்டம் செய்தனர். அரை நூற்றாண்டு ஏட்டில் உறங்கிய அச்சட்டத்தை 2003 ஆகஸ்டில் திடீரென அமுலாக்கினர். 2004 தொடக்கத்தில், மக்களவைத் தேர்தல் நெருங்கியபோது, அது ரத்தாயிற்று. காரணம் தர்க்கமா, ஓட்டுப் பயமா என்பதை வாசகர்கள் ஊகிக்கலாம்.

ஆயினும் சாமியாட்டத்துக்குப் பரிந்து பேசுவோர் ஏர்வாடியை மறக்கலாகாது. 2001 ஆகஸ்டு 6ஆந் தேதி, தர்காவின் அருளை நாடி உறவினர் கொண்டுவந்து விட்டவர்களை வைத்திருந்த காப்பகமொன்றில் தீப்பற்றி, 28 மனநோயாளிகள் மாண்டனர். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் அவர்களால் தப்பியோட முடியவில்லை. எந்தத் தெய்வமும் அந்தச் சங்கிலியைக் கேட்கவில்லை. காப்பகம் நடத்தியவர்களும், கண்டுங்காணாதிருந்த அதிகாரிகளுமே அதற்குப் பொறுப்பாளிகள். சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95ஆவது பிரிவு திட்டமாக விலக்கியிருக்கிறது.

மகாராஷ்டிரம் 2013இலும் கர்நாடகம் 2017இலும் மூடப்பழக்கங்களுக்கு எதிராகச் சட்டம் செய்தன. தமிழ்நாட்டிலும் சட்டம் வருமாயின், அடித்தல், பட்டினி போடுதல், பணம் பறித்தல் ஆகியவற்றைத் தண்டிப்பதோடு அது நிற்கட்டும். ஒருவர் மேல் தெய்வம் ஏறிற்றா என்று விசாரிப்பது எந்த நியாயஸ்தலத்தின் வேலையுமன்று.

பித்துப் பிடித்ததாகக் கருதப்படும் பெண்ணை வீட்டார் முதலில் கோடாங்கியிடம் அழைத்துச் செல்வது ஏன்? அவர் பக்கத்துத் தெருவில் இருக்கிறார். அவள் குறையை இரவு முழுவதும் கேட்கிறார். மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியிலோ நெடுநேரம் காத்திருந்தால் வைத்தியரைச் சில நிமிஷம் காணலாம். மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் தொடங்கியபோது தேர்ந்தெடுக்கப்பட்ட நான்கு மாவட்டங்களுள் நம் திருச்சிராப்பள்ளியும் ஒன்று. குஜராத்தில் மீரா தாதார் தர்காவில் மருந்தையும் பிரார்த்தனையையும் ஒருங்கே வைத்து வைத்தியம் செய்கின்றனர். சமயநல்லூர் போன்ற ஊர்களின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் வாரம் ஒரு நாளாவது மனநல வைத்தியர் அமரட்டும். அங்கே நோயாளியை அனுப்பும்படி சர்க்கார் கோடாங்கியிடமே போய்க் கேட்கட்டும்.