புகைபோக்கிக்கு அடியில் ஒரு கதை

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் முதல் வாரம் சீட்டு விளையாட்டு, இரண்டாவது வாரம் கார் ரேஸ், மூன்றாவது வாரம் துப்பாக்கிச் சண்டை என்றுதான் பொழுது போகும். நான்காவது வாரம் பெரியவர்களிடமிருந்து அந்தக் கேள்வி வரும்: "இதற்கா இவ்வளவு பணம் கொடுத்து வாங்கினோம்?"

கேம் என்றால் சுடுவது, கார்ட்டூன் என்றால் எலியைப் பூனை துரத்துவது என்று மட்டும் நினைப்பவர்களுக்காக இந்தக் கட்டுரை. நாவல் படிப்பது போல, சினிமா பார்ப்பது போல, மனதில் தங்கும் கதை சொல்லும் அனிமேஷன் படங்களும் தொடர்களும் கேம்களும் நிறைய உள்ளன. அவற்றில் என்னைப் பாதித்த சிலவற்றை இங்கே அறிமுகம் செய்கிறேன். நான் திருவொற்றியூர்க்காரன். கன்டெய்னர் லாரி, அனல்மின் நிலையம், மீன்பிடி வலை ஆகிய மூன்றுக்கும் நடுவில் வளர்ந்தவன். அதனால் என் ரசனையில் கொஞ்சம் நிலக்கரித் தூசும் கலந்திருக்கும். பொறுத்துக் கொள்ளுங்கள்.

சுட்டி டி.வி. செய்த உபகாரம்

தமிழ்நாட்டில் என் வயதுக்காரர்கள் பலருக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது 2007-ல்தான். அந்த ஆண்டு ஏப்ரலில் சன் குழுமம் சுட்டி டி.வி.யைத் தொடங்கியது. அதில் வந்த "ஜாக்கி சான்" தொடரை மறக்க முடியுமா? சீன ராசிச் சக்கரத்தின் 12 விலங்குகளுக்கு 12 மந்திரக் கற்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சக்தி. அவற்றைத் தேடி ஓடும் கதை. அமெரிக்காவில் 2000 முதல் 2005 வரை வந்த தொடர் அது. ஆனால் எங்கள் தெருவில் யாருக்கும் அது அமெரிக்கத் தொடராகத் தெரியவில்லை. பாத்திரங்கள் பேசியது பாடப்புத்தகத் தமிழ் இல்லை, வீட்டில் பேசும் தமிழ். அதுதான் காரணம்.

இதில் ஒரு பாடம் உள்ளது. கதை எந்த நாட்டிலிருந்து வந்தாலும், நம் மொழியில் பேசினால் நம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடும். இன்று இந்த வசதி இன்னும் பெருகியுள்ளது. ஜப்பானிய அனிமேஷன் தொடர்களை "அனிமே" என்பார்கள். "சோலோ லெவலிங்" போன்ற அனிமே தொடர்கள் தமிழ்க் குரலில் வந்துள்ளன. "டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்" படம் 2025 செப்டம்பரில் தமிழ் பேசித் தியேட்டருக்கே வந்தது. ஜப்பானியரான யூகோ சாகோவும் நம் நாட்டு ராம் மோகனும் சேர்ந்து 1990-களில் உருவாக்கிய ராமாயண அனிமேஷன் படமும் 2025 ஜனவரியில் தமிழில் வெளியானது.

பெயரை மறந்த நதி

முதலில் பார்க்க வேண்டிய படம் எது என்று கேட்டால், நான் சொல்வது "ஸ்பிரிட்டட் அவே". ஹயாவோ மியாசாகி இயக்கி 2001-ல் வந்தது. 2003-ல் ஆஸ்கர் பரிசு பெற்றது.

சிஹிரோ என்ற சிறுமி தேவதைகளும் ஆவிகளும் குளிக்க வரும் ஒரு குளியல் விடுதியில் மாட்டிக் கொள்கிறாள். ஒரு நாள் சேறும் நாற்றமுமாக ஒரு உருவம் வருகிறது. எல்லோரும் மூக்கைப் பிடித்துக் கொண்டு ஓடுகிறார்கள். சிஹிரோ மட்டும் அதன் உடம்பில் முள் போல ஏதோ குத்தியிருப்பதைக் கவனிக்கிறாள். எல்லோரும் சேர்ந்து கயிறு கட்டி இழுத்தால், வருவது ஒரு பழைய சைக்கிள். அதன் பின்னால் வண்டி வண்டியாகக் குப்பை. எல்லாம் வெளியே வந்ததும் தெரிகிறது, அது நாற்றப் பிசாசு இல்லை, ஒரு நதியின் தெய்வம்.

படத்தில் வரும் ஹாகு என்ற பையனும் ஒரு நதிதான். அவனது ஆற்றை மூடி அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டிவிட்டார்கள். அவன் தன் உண்மைப் பெயரையே மறந்துவிட்டான். பெயர் ஞாபகம் வராதவரை அவனால் வீடு திரும்ப முடியாது.

இதைப் பார்த்தபோது எனக்குக் கொசஸ்தலை ஆறுதான் கண் முன்னால் வந்தது. கொற்றலை என்பது அதன் இன்னொரு பெயர். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்? எண்ணூரில் கடலில் கலக்கும் இந்த ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்திருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு எண்ணெய்ப் படலமும் வந்து சேர்ந்தது. மீனவர்கள் படகில் போய் பக்கெட்டால் அந்த எண்ணெயை அள்ளினார்கள். கயிறு கட்டிச் சைக்கிளை இழுத்த காட்சிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. ஒன்றுதான் வித்தியாசம்: படத்தில் அந்த வேலை பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது.

மியாசாகியின் 1984-ம் ஆண்டுப் படமான "நாசிகா"வையும் பாருங்கள். ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் ஆலைக் கழிவின் பாதரசம் கலந்து மக்கள் முடமான துயரம் அந்தக் கதைக்கு ஒரு தூண்டுதல். விஷக்காற்றை விடும் காட்டை எல்லோரும் எரிக்கத் துடிக்கும்போது, நாசிகா என்ற இளவரசி நல்ல தண்ணீரும் நல்ல மண்ணும் கொடுத்து அதே செடிகளை வளர்த்துப் பார்க்கிறாள். விஷம் வரவில்லை. குற்றம் செடியில் இல்லை, மண்ணில்தான் என்று கண்டுபிடிக்கிறாள். ஒரு கார்ட்டூன் படத்தில் இவ்வளவு தெளிவான அறிவியல் சோதனை!

மிட்கார் என்னும் வடசென்னை

இப்போது கேமுக்கு வருவோம். ஜப்பானின் ஸ்கொயர் நிறுவனம் 1997-ல் வெளியிட்ட "ஃபைனல் ஃபேண்டஸி 7". அடுத்த ஆண்டே கம்ப்யூட்டருக்கும் வந்தது.

கதை நடக்கும் நகரம் மிட்கார். நகரைச் சுற்றி எட்டு மின் உலைகள். பணக்காரர்கள் உயரத்தில் தாங்கி நிறுத்தப்பட்ட ஒரு பெரிய இரும்புத் தட்டின் மேல் வசிக்கிறார்கள். ஏழைகள் அதன் நிழலில், தகரக் கொட்டகைகளில். பூமியின் உயிரையே உறிஞ்சி மின்சாரமாக்கி விற்கிறது ஷின்ரா என்ற நிறுவனம். உலைக்கு வெடி வைக்கும் ஒரு சிறு கூட்டத்தில் கூலிக்கு வேலை செய்ய வருகிறான் கதாநாயகன் கிளவுட்.

தொடக்கக் காட்சியிலேயே எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் பக்கத்திலும் புகைபோக்கிகள்தான் திசைகாட்டி. 1970-ல் தொடங்கி 2017-ல் மூடப்பட்ட எண்ணூர் அனல்மின் நிலையம், வடசென்னை அனல்மின் நிலையம், அவற்றுக்கு நிலக்கரி இறக்க 2001-ல் திறந்த எண்ணூர் துறைமுகம். மின்சாரம் ஊருக்கெல்லாம் போனது. சாம்பல் எங்கள் பக்கமே தங்கியது.

கெட்ட கம்பெனி, நல்ல கலகக்காரர்கள் என்று மட்டும் இருந்தால் இந்தக் கேமை இரண்டு நாளில் மறந்திருப்பேன். மறக்க விடாதவர் பாரெட். வெடி வைக்கும் கூட்டத்தின் தலைவர், பெரிய உருவம், பெரிய குரல். கதை நடுவில் அவருடைய சொந்த ஊருக்குப் போகிறோம். அது நிலக்கரிச் சுரங்க ஊர். நிலக்கரிக்கு மதிப்புக் குறைந்தபோது, ஊருக்கு மின் உலை வரட்டும் என்று முன்னால் நின்று பேசியவரே பாரெட்தான்! நண்பன் ஒருவன் மட்டும் வேண்டாம் என்கிறான். பிறகு உலையில் விபத்து; கம்பெனி ஊரையே கொளுத்திவிடுகிறது.

அதோடு விடவில்லை. கூட்டத்தில் இருக்கும் ஒருவர் பாரெட்டைப் பார்த்துக் கேட்கிறார்: நீங்கள் உலையை வெடித்தபோது எத்தனை பேர் செத்தார்கள் தெரியுமா? கொஞ்சம் பேர்தான் என்கிறார் பாரெட். உங்களுக்குக் கொஞ்சம், செத்தவர் வீட்டுக்கு அதுதானே எல்லாம் என்று பதில் வருகிறது. பாரெட்டால் பேச முடியவில்லை.

இந்த இடத்தில் நான் கீபோர்டை விட்டுக் கையை எடுத்துவிட்டேன். என் அப்பா இருபது வருடம் ஒப்பந்தத் தொழிலாளியாக நிலக்கரி இறக்கியவர். அவர் இருமல் எந்தப் புகைபோக்கியிலிருந்து வந்ததோ, என் ஸ்கூல் ஃபீஸும் அங்கிருந்துதான் வந்தது. தொழிற்சாலையை முழுக்கத் திட்டவும் முடியாது, முழுக்கப் புகழவும் முடியாது என்ற அந்தச் சங்கடத்தை ஒரு ஜப்பானிய கேம் என்னிடம் பேசும் என்று யார் எதிர்பார்த்தார்கள்?

அதே 1997-ல் வந்த மியாசாகியின் "பிரின்சஸ் மோனோனோகே" படத்திலும் இந்தச் சங்கடம் உண்டு. காட்டை அழித்து இரும்பு உருக்கும் எபோஷி என்ற பெண்தான், விபசார விடுதிகளிலிருந்து பெண்களை மீட்டு வேலை தருகிறாள். தொழுநோயாளிகளுக்கு இடம் தருகிறாள். யாரை வில்லன் என்பது? படம் தீர்ப்புச் சொல்வதில்லை. நம்மிடம் விட்டுவிடுகிறது.

இட்லிப் பானையும் ஒரு கேம்தான்

மூன்றாவது, நம்மவர்கள் செய்தது. கனடாவின் டொரண்டோ நகரில் உள்ள விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட "வெண்பா". பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு 2024-ல் சிறந்த அறிமுக கேம் விருதை இதற்குத்தான் கொடுத்தது.

1980-களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபோன வெண்பா, அவள் கணவன் பாவலன், மகன் கவின். இவ்வளவுதான் பாத்திரங்கள். நீங்கள் செய்ய வேண்டியது சமையல். அம்மா கொடுத்த சமையல் குறிப்பு நோட்டு கிழிந்து, எழுத்து அழிந்து போயிருக்கிறது. இட்லித் தட்டை எப்படி அடுக்குவது, புட்டுக் குழலில் எதை முதலில் போடுவது என்று விட்டுப்போன வரியை நீங்களே ஊகிக்க வேண்டும். இதில் நேர அளவு இல்லை, பாயின்ட் இல்லை, தோற்பதும் இல்லை. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

வளர்ந்த கவின் அதே நோட்டைத் தடுமாறிப் படிக்கும் கட்டம் வரும். நமக்குத் தமிழ் படிக்கத் தெரியும், அவனுக்குச் சரியாகத் தெரியாது. கேமோ நம்மை அவன் கண்ணால் படிக்க வைக்கிறது. அம்மாவின் கையெழுத்து எதிரில் இருந்தும் புரியாமல் போனால் எப்படி இருக்கும்? சினிமாவில் இதைப் பார்த்திருந்தால் "பாவம்" என்று சொல்லியிருப்பேன். மவுஸ் என் கையில் இருந்ததால், தொண்டை அடைத்தது எனக்குத்தான். கேமுக்கும் சினிமாவுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

உங்கள் கம்ப்யூட்டரில் தொடங்க

1. பழைய கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் விண்டோஸ் பதிப்பைப் பாருங்கள். கேம்களைப் பணம் கொடுத்து டவுன்லோட் செய்யும் "ஸ்டீம்" மென்பொருள், 2024 ஜனவரி முதல் விண்டோஸ் 7-க்கும் 8-க்கும் ஆதரவு தருவதில்லை.

2. வாங்கும் முன் ஒவ்வொரு கேமின் பக்கத்திலும் கீழே உள்ள "சிஸ்டம் ரிக்வயர்மென்ட்ஸ்" பகுதியைப் படியுங்கள். ஃபைனல் ஃபேண்டஸி 7-ன் 1997 பதிப்பு சாதாரண கம்ப்யூட்டரில் ஓடும். 2020-ல் வந்த புதிய "ரீமேக்" வேறு. அதற்குத் தனி கிராபிக்ஸ் கார்டும், ஹார்ட் டிஸ்கில் சுமார் 100 ஜி.பி. இடமும் வேண்டும்.

3. மிகக் குறைந்த வசதி உள்ள கம்ப்யூட்டர் என்றால், 2011-ல் வந்த "டு தி மூன்" கேமைத் தேடுங்கள். சாகக் கிடக்கும் முதியவரின் கடைசி ஆசையைத் தேடிப் போகும் இரண்டு டாக்டர்களின் கதை. கைக்குட்டையோடு உட்காருங்கள்.

4. ஸ்டீமில் வாங்கிய கேம் உங்கள் கம்ப்யூட்டரில் ஓடவில்லையா? 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

5. "இலவச கிராக்" என்று வரும் ஃபைல்களைத் தொடாதீர்கள். கேமோடு வைரஸும் சேர்ந்தே வரும்.

6. அனிமே பார்க்கும்போது சப்டைட்டில் தெரியாவிட்டால் பயப்பட வேண்டாம். வி.எல்.சி. பிளேயரில் "சப்டைட்டில்" மெனுவில் சென்று டிராக்கைத் தேர்ந்தெடுங்கள். குரல் மொழியை "ஆடியோ" மெனுவில் மாற்றலாம்.

7. கதை கேம்களை அவசரமாக முடிக்காதீர்கள். எழுந்து போகும் முன் "சேவ்" செய்து கொள்ளுங்கள்.

பார்த்தது போதும், எழுதுங்கள்

இவ்வளவு கேம்களில் எண்ணூர் பற்றி ஒன்று கூட என் கண்ணில் படவில்லை. அதை ஏன் நீங்கள் செய்யக் கூடாது? "ட்வைன்" என்று ஒரு இலவச மென்பொருள் உள்ளது. புரோகிராமிங் தெரிய வேண்டியதில்லை. ஒரு பெட்டியில் கதையின் முதல் பத்தியைத் தமிழிலேயே டைப் செய்யுங்கள். அடுத்து வாசகர் தேர்ந்தெடுக்க வேண்டிய வரிகளை இரட்டைச் சதுர அடைப்புக்குறிக்குள் கொடுங்கள். ஒவ்வொரு வரிக்கும் ஒரு புதிய பெட்டி தானாகவே உருவாகும். முடிந்ததும் ஒரே ஃபைலாகச் சேமித்து நண்பர்களுக்கு அனுப்பலாம். எந்த பிரவுசரிலும் திறக்கும்.

முதல் பெட்டிக்கு ஒரு வரி நானே தருகிறேன்: "காலை ஆறு மணி. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. அப்பாவின் சாப்பாட்டுத் தூக்கு உன் கையில். லாரிகளுக்கு நடுவில் புகுந்து போகிறாயா, கடற்கரை வழியாகச் சுற்றிப் போகிறாயா?"

மீதியை நீங்கள் எழுதுங்கள்.