நீரடியில் படம் பிடித்தல்

கொல்லிமலையைப் பற்றிக் கேள்வியுறாத தமிழர் அரியர். வல்வில் ஓரி ஆண்ட மலை அது. கொல்லிப் பாவையைப் பற்றிய பழங்கதைகள் வழங்கும் மலையும் அதுவே. இன்று அது நாமக்கல் மாவட்டத்தில் அடங்கியுள்ளது. அடிவாரத்திலுள்ள காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே சென்றால், மிளகுக் கொடி படர்ந்த மரங்களும் பலாவும் வாழையும் செறிந்த ஒரு தனி நாட்டையே காணலாம். அங்கே ஐயாறு என்னும் ஆற்றின் கரையில் அறப்பளீசுவரர் கோயில் அமைந்திருக்கின்றது. கோயிலுக்குச் சற்று அப்பால் அவ்வாறு ஏறத்தாழ 300 அடி உயரத்திலிருந்து ஆகாய கங்கை என்னும் அருவியாய் வீழ்ந்து, புளியஞ்சோலை வழியாகச் சமவெளியை அடைகின்றது.

கோயிலை அடுத்த ஆற்றுநீரில் மீன்கள் கூட்டங்கூட்டமாகத் திரியும். அவற்றைப் பிடிப்பார் எவரும் இலர். முன்னொரு காலத்தில் அறுத்துச் சமைத்த மீன்கள் உயிர்பெற்று மீண்டும் ஆற்றில் துள்ளிக் குதித்தன என்னும் கதையை அங்குள்ளோர் கூறுவர். ஆதலின் அவை இறைவனுடைய மீன்களாகவே மதிக்கப்படுகின்றன. வழிபட வருவோர் அவற்றுக்குப் பொரியிட்டு மகிழ்வர்.

பிடிக்கக் கூடாத மீனைப் பார்ப்பதற்குத் தடையில்லை. ஆனால், நன்றாகப் பார்ப்பதுதான் எளிதன்று. கரையில் நின்று குனிந்து நோக்கினால் நீரின் மேற்பரப்பில் வானத்தின் ஒளி பளபளக்கும்; சிற்றலைகள் உருவத்தைச் சிதைக்கும். கருத்த முதுகுகள் அங்குமிங்கும் ஓடுவதைத் தவிர வேறொன்றும் தெரிவதில்லை. அம்மீனின் வாய் எத்தகையது? அது ஓடும் நீரில் எவ்வாறு நிலைத்து நிற்கின்றது? முற்காலத்து இயற்கை நூலார் இத்தகைய வினாக்களுக்கு விடை காண மீனைப் பிடித்துச் சாராயம் நிறைந்த சாடியில் இட்டு வைத்தனர். சாடியில் வடிவம் நிற்கும்; நிறமோ மங்கிவிடும்; நீந்தும் அழகு அன்றே போய்விடும். மீனைத் தொடாமல் அதனை அது வாழும் இடத்திலேயே பார்த்து அறிவதற்கு ஏற்றதொரு கருவிதான் நீர்புகா உறையுள் வைத்த சிறு காமிரா.

சட்டைப் பையில் அடங்கும் சிறு காமிராவை நீங்கள் கண்டிருப்பீர்கள். அதன் உடல் முழுவதும் மின்சுற்றுகளும் நுண்ணிய பொறிகளும் நிறைந்தவை. ஒரு துளி நீர் உட்புகுந்தாலும் அது பாழாகும். ஆகவே, ஒளி ஊடுருவும் தடித்த பிளாஸ்டிக்கினால் அதற்கொரு பெட்டி செய்தனர். முன்புறம் தட்டையான கண்ணாடிச் சாளரம், பின்புறம் கதவு, கதவை இறுக்க ஒரு தாழ். காமிராவில் எந்த எந்த இடத்தில் பொத்தான்கள் உள்ளனவோ, அந்த அந்த இடத்திற்கு நேராகப் பெட்டியிலும் பொத்தான்கள் இருக்கும். ஆதலால் ஒரு வகைக் காமிராவுக்குச் செய்த உறை மற்றொரு வகைக்குப் பொருந்தாது. கைப்பேசிகள் பெருகியபின் சிறு காமிராக்கள் அருகிவிட்டமையால், உறை வைத்திருப்போர் அதற்கேற்ற பழைய காமிராவைத் தேடி அலைவதும் உண்டு. உறைகளுள் பல 40 மீட்டர் ஆழம் வரை செல்லத்தக்கவை என்று செய்தோர் குறித்திருப்பர்.

நாற்பது மீட்டர் என்பது எளிய செய்தியன்று. நீருக்குள் ஒவ்வொரு பத்து மீட்டர் இறங்கும்போதும், ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பின்மேல் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடையளவு அழுத்தம் கூடுகின்றது. உறையின் கதவு 15 சென்டிமீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் அகலமும் உடையது எனக் கொள்வோம். பத்து மீட்டர் ஆழத்தில் அதன்மேல் 150 கிலோகிராம் சுமை அழுத்தும்; அதாவது இரண்டு ஆடவர் அதன்மேல் ஏறி நிற்பதற்கு ஒப்பாகும். நாற்பது மீட்டரில் எண்மர் நிற்பர்!

இவ்வளவு அழுத்தத்தையும் எதிர்த்து நீரை வெளியே நிறுத்துவது எது? தடித்த பெட்டியன்று; பெட்டிக்கும் கதவுக்கும் இடையே ஒரு பள்ளத்தில் கிடக்கும் மெல்லிய ரப்பர் வளையமே அது. வளையம் பள்ளத்தின் ஆழத்தைவிடச் சற்றே பருத்திருக்கும். கதவை மூடும்போது அது நசுங்கி, இருபுறமும் ஒட்டிக்கொள்ளும். ஆழம் செல்லச் செல்ல நீரே கதவை மேலும் அழுத்தி, வளையத்தை இன்னும் இறுகச் செய்கின்றது. இதனால் வியப்பான ஒரு விளைவு உண்டாகின்றது. பலர் நினைப்பதுபோல் நீர் புகும் இடர் ஆழத்தில் மட்டும் இருப்பதன்று. அழுத்தம் குறைந்த மேல்மட்டத்திலேயே, நீரில் இட்ட சில நொடிகளிலேயே, அது பெரும்பாலும் நேர்ந்துவிடுகின்றது.

இதனை நான் நூலில் படித்து அறிந்தேன் அல்லேன். சில ஆண்டுகளுக்கு முன் என் தமையனார் தம் காமிராவையும் உறையையும் எனக்குக் கொடுத்தார். கொல்லிமலைக்குச் செல்லுமுன் பழகிக்கொள்ளலாம் என்று, இராசிபுரத்தை அடுத்த எங்கள் ஊர்த் தோட்டக் கிணற்றில் இறங்கினேன். படிமேல் அமர்ந்து, உறையை முழங்கை ஆழத்திற்குமேல் செலுத்தவில்லை. இரண்டு கெண்டைக் குஞ்சுகளைப் படம் எடுத்தேன். மூன்றாவது படத்திற்கு முன் உறையின் ஓரத்திலிருந்து முத்துக் கோத்தாற்போலச் சிறு குமிழிகள் எழுவதைக் கண்டேன். அழகாக இருக்கின்றதே என்று ஒரு நொடி நோக்கி நின்றேன்! பின்னரே பொருள் விளங்கிற்று. வெளியே எடுத்துத் திறந்தபோது, வளையத்தின் குறுக்கே ஒரு தலைமயிர் கிடந்தது. அவ்வளவே. அந்த மயிரின் பருமனே நீருக்கு வாயிலாயிற்று. காமிரா பிழைக்கவில்லை. அதனுள் இருந்த நினைவு அட்டையை உலர்த்திப் பார்த்தபோது இரண்டு படங்களும் அதில் இருந்தன. தமையனார் சினந்து ஒரு சொல்லும் கூறவில்லை. அதுவே எனக்குப் பெருந்தண்டனையாயிற்று.

இதற்குப் பிறகு ஒருநாள் நீரடிப் படக் கலையின் வரலாற்றைப் படித்தேன். 1856-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வேமத் என்னும் கடற்கரை ஊரில் வில்லியம் தாம்சன் என்பார் ஒரு காமிராவைப் பெட்டிக்குள் வைத்துக் கடலடியில் இறக்கினார். படகில் இருந்தவாறே அதன் மூடியைத் திறந்து, பல நிமிடங்கள் ஒளியை உட்செல்ல விட்டார். மேலே தூக்கிப் பார்த்தபோது பெட்டிக்குள் கடல்நீர் புகுந்திருந்தது. எனினும், கண்ணாடித் தகட்டில் மங்கலான ஓர் உருவம் பதிந்திருந்தது. முதல் முயற்சியே ஒழுகிய பெட்டியில்தான் நிகழ்ந்தது என்று அறிந்தபோது எனக்குச் சிறிது ஆறுதல் உண்டாயிற்று.

அவருக்குப் பின் பிரான்சு நாட்டு உயிரியல் அறிஞர் லூயி பூத்தான், 1893-ஆம் ஆண்டில் பான்யூல் கடற்கரையில் தாமே நீர்மூழ்கும் உடை அணிந்து கடலடிக்குச் சென்று படம் எடுத்தார். 1926-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புளோரிடாவை அடுத்த தீவுகளில் லாங்லி, மார்ட்டின் என்னும் இருவர் வண்ணப் படம் எடுத்தனர். ஒளி போதாமையால் மிதவையொன்றின்மேல் மக்னீசியப் பொடியை வெடிக்கச் செய்தனர். அதனால் லாங்லி கடுமையான தீப்புண்ணுக்கு ஆளானார். நமக்கு அண்மையில், 1956-ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து தங்கிய எழுத்தாளர் ஆர்தர் கிளார்க்கும் அவர் நண்பர் மைக் வில்சனும் அத்தீவின் பவளப் பாறைகளிடையே பல படங்கள் எடுத்தனர். அவர்கள் காலத்தில் உறை என்பது பெருஞ்செல்வர்க்கே உரிய பொருள். இன்று அது பள்ளி ஆசிரியர் ஒருவர் சேமித்து வாங்கத்தக்க பொருளாகிவிட்டது.

மீண்டும் அந்த ரப்பர் வளையத்திற்கு வருவோம். இந்தக் கலையில் பாதி அதனைப் பேணுவதே. உறையை மூடுமுன் வளையத்தை விரலால் மெல்ல எடுத்து, பஞ்சிழை ஒட்டாத துணியால் துடைக்க வேண்டும். மணல், மயிர், நூல் இவற்றுள் எதுவும் இருத்தல் கூடாது. வளையத்தில் வெடிப்போ வெட்டோ உண்டா என்று வெயிலில் காட்டி நோக்க வேண்டும். உறை செய்தோர் கொடுத்த சிலிகான் பசையை, பூசியதே தெரியாத அளவு மெல்லியதாகத் தடவலாம். கண்ட எண்ணெயைத் தடவினால் ரப்பர் ஊறிக் கெட்டுவிடும். பசை மிகுந்தாலும் தீங்கே. அது தூசியை ஈர்த்துக்கொள்ளும். பிறகு, காமிராவை வைக்காமல் வெற்று உறைக்குள் ஒரு மெல்லிய காகிதத்தை மட்டும் இட்டு மூடி, வாளி நீரில் சிறிது நேரம் அமிழ்த்தி வைக்க வேண்டும். காகிதம் நனையாதிருந்தால் காமிராவை வைக்கலாம். கடலில் பயன்படுத்திய உறையை நன்னீரில் ஊறவைத்து உப்பை நீக்குதல் வேண்டும். மலையோடையில் உப்பின் தொல்லை இல்லை. ஆயினும் நுண்மணலின் தொல்லை மிகுதி.

நீர் புகாமல் காத்துவிட்டால் மட்டும் நல்ல படம் வந்துவிடாது. பாத்திரத்தின் அடியில் கிடக்கும் காசு, நீர் ஊற்றியதும் மேலே எழுந்தாற்போலத் தோன்றுவதை வகுப்பில் செய்து பார்த்திருப்பீர்கள். அதே ஒளிவிலகல் இங்கும் நிகழ்கின்றது. நீரிலிருந்து கண்ணாடிச் சாளரத்தைக் கடந்து உறையினுள்ளிருக்கும் காற்றில் புகும்போது ஒளிக்கதிர் வளைகின்றது. அதனால் நான்கு அடி தொலைவிலுள்ள மீன் மூன்று அடியில் இருப்பதுபோலத் தோன்றும்; காமிரா காணும் பரப்பும் குறுகிவிடும். பரப்புக் குறைந்ததே என்று பின்வாங்கினால் இடையிலுள்ள நீர் மிகுந்து படம் மங்கும். நீர் என்பது காற்றைப்போல் தெளிந்ததன்று. அது செந்நிற ஒளியை முதலில் விழுங்கும். கடலில் ஐந்து மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு வெகுவாகக் குறையும். பத்து மீட்டரில் செம்மீனும் கருமீனாகத் தோன்றும். மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடையேயுள்ள 21 தீவுகளைச் சூழ்ந்த பவளப் பாறைகளின் படங்கள் பல நீலம் பூத்துத் தோன்றுவதற்கு இதுவே காரணம். இரண்டடி ஆழமுள்ள மலையோடையிலோ நிறம் குன்றுவதில்லை. அங்கே பகை கலங்கலே. பளிச்சிடும் விளக்கைப் பயன்படுத்தினால் நீரில் மிதக்கும் துகள் ஒவ்வொன்றும் ஒளிர்ந்து, படம் முழுவதும் பனி பெய்தாற்போல் ஆகிவிடும். அவ்விளக்கை அணைத்துவிட்டு, கதிரவன் நடுவானை நெருங்கும் வேளையில் எடுப்பதே நன்று. மற்றொன்றும் உண்டு. வெப்பமும் ஈரமும் மிகுந்த காற்றோடு உறையை மூடிக் குளிர்ந்த நீரில் இட்டால், சாளரத்தின் உட்புறம் மூச்சு விட்டாற்போல் மங்கிவிடும். காலைக் குளிரில், நிழலில், ஈரம் உறிஞ்சும் சிறு பொதி ஒன்றை உள்ளே வைத்து மூட வேண்டும்.

உறைக்குப் பொருந்தும் பழைய காமிரா ஒன்றை ஓராண்டு தேடி வாங்கினேன். அடுத்த தைத் திங்களில், மழை ஓய்ந்து நீர் தெளிந்த பின், நண்பர் ஒருவருடன் கொல்லிமலை ஏறினேன். அருவியின் அடிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் உண்டு; அங்குள்ள மடுவில் கருவியோடு இறங்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை. மேலே எங்கோ பெய்த மழையால் திடீரென வெள்ளம் வரக்கூடிய இடம் அது, பாறையும் வழுக்கும். படத்திற்காக உயிரை வைத்து ஆடுதல் பேதைமை. நாங்கள் கோயிலை அடுத்து ஆறு அமைதியாக ஓடும் இடத்திலேயே அமர்ந்தோம்.

கரையில் இருந்த முதியவர் ஒருவர் எங்கள் கருவியை ஐயத்துடன் நோக்கினார். “தம்பி, இவை சாமி மீன்கள். பிடிக்கக் கூடாது” என்றார்.

“பிடிக்க வரவில்லை, ஐயா. நீருக்குள் இருப்பதைப் படம் எடுக்க வந்தோம். தாங்கள் வேண்டாம் என்றால் எடுக்கவில்லை.”

அவர் சிறிது எண்ணிப் பார்த்து, “காலை விட்டுக் கலக்காதீர்கள்” என்று மட்டும் கூறினார்.

அவர் கூறியது படக் கலைக்கும் பொருந்தும் அறிவுரையே. உறையின் கயிற்றை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு, பாறைமேல் படுத்து, கையை மட்டும் மெல்ல நீரில் செலுத்தினேன். மீன்கள் அனைத்தும் சிதறி ஓடின. கையை அசைக்காமல் வைத்திருந்தேன். ஓடும் நீரில் மீன்கள் நீரோட்டத்தை எதிர்நோக்கியே நிற்கும். ஆதலின் முகத்தைப் படம் எடுக்க மேற்புறத்திலிருந்து நோக்க வேண்டும் என்று தோன்றும். ஆனால், மேற்புறத்தில் நாம் கிளப்பும் மண் அவற்றின்மேலேயே சென்று படியும். பக்கவாட்டில் சற்று முன்னே இருந்து நோக்குவதே தக்கது. கால் மணி நேரம் சென்றிருக்கும். கை மரத்துப் போயிற்று. பிறகு ஒரு மீன் வந்தது. அதன் பின் நான்கைந்து வந்தன. திரையை நோக்க இயலாத நிலையில், ஏறத்தாழக் குறிவைத்து இருபது படங்கள் எடுத்தேன்.

கரையில் அமர்ந்து உறையை நன்கு துடைத்து உலர்த்தியபின் திறந்தோம். உள்ளே ஈரம் இல்லை. இருபதில் பதினெட்டில் வாலும் பாசியும் பாறையுமே இருந்தன. ஒன்றில், ஒரு மீன் கல்லின்மேல் பாசியைக் கொறித்துக்கொண்டிருந்தது. மற்றொன்றில் அது நேரே எங்களை நோக்கிற்று. செதில் ஒவ்வொன்றின் விளிம்பும், வாயின் இருபுறத்தும் நூல்போல் தொங்கிய உணரிழைகளும் தெளிவாகத் தெரிந்தன. படத்தை முதியவரிடம் காட்டினோம். அவர் வெயில் படாமல் கையால் மறைத்துக்கொண்டு நெடுநேரம் நோக்கினார்.

“ஐம்பது ஆண்டுகளாக இவற்றுக்குப் பொரி போடுகிறேன், தம்பி. இதற்கு மீசை இருப்பதை இன்றுதான் பார்த்தேன்” என்றார். பின்னர் எழுந்து, சற்று மேலே ஒரு பாறையைச் சுட்டிக் காட்டி, “அதன் அடியில் பெரிதாக ஒன்று இருக்கிறது. அதையும் எடுங்கள்” என்று எங்களுக்கு முன்னே நடந்தார்.