சிறார் நீதிமன்றம் போன பிள்ளைக்கு அடுத்த இரண்டு ஆண்டுகள் துணை யார்?

கோலாலம்பூர் - பதினாறு வயதுப் பையன் ஒருவன் மோட்டார் சைக்கிள் திருட்டிலோ கைகலப்பிலோ போலீசிடம் பிடிபட்டால் முதல் வாரம் வீடே அலையும். அப்பா வேலைக்கு விடுப்பு எடுப்பார். அம்மா நகையை அடகு வைத்து ஜாமீன் பணம் தேடுவார். மாமாவும் சித்தப்பாவும் போலீஸ் நிலைய வாசலில் நிற்பார்கள். வழக்கு முடிந்து நீதிமன்றம் உத்தரவு பிறப்பித்த மறுநாளே அத்தனை பேரும் அவரவர் வேலைக்குத் திரும்பி விடுவார்கள். பையனும் தன் பழைய அடுக்குமாடிக்கும் பழைய நண்பர்களிடமும் திரும்பி விடுவான். அவன் மறுபடியும் நீதிமன்றப் படி ஏறுவானா மாட்டானா என்பது பெரும்பாலும் அதற்குப் பிறகு வரும் மாதங்களில்தான் முடிவாகிறது.

அந்த மாதங்களில் அவனோடு நடக்க ஒரு வழிகாட்டியை ஏற்பாடு செய்வது எப்படி, அந்தச் சேவையை ஓர் இயக்கத்திடம் ஒப்பந்தமாகக் கொடுத்தால் அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதைக் கிள்ளான் பள்ளத்தாக்கில் உள்ள பெற்றோரும் இயக்கங்களும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது?

மலேசியாவில் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டோரின் வழக்குகளை 2001-ஆம் ஆண்டு சிறார் சட்டம் வழிநடத்துகிறது. 1947-ஆம் ஆண்டின் பழைய சிறார் நீதிமன்றச் சட்டத்திற்குப் பதிலாக வந்த இது 2002 ஆகஸ்டு முதல் நடப்பில் உள்ளது. குற்றவியல் சட்டத்தின்படி 10 வயதுக்குக் குறைந்த குழந்தை மீது குற்றம் சுமத்த முடியாது.

சிறார் நீதிமன்றத்தில் மாஜிஸ்திரேட் ஒருவரும் அவருக்கு உதவியாக இரண்டு ஆலோசகர்களும் அமர்வார்கள். ஆலோசகர்களில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். பொதுமக்கள் உள்ளே நுழைய அனுமதி இல்லை. மரண தண்டனை விதிக்கக்கூடிய குற்றங்களைத் தவிர மற்ற எல்லா வழக்குகளையும் இந்த நீதிமன்றம் விசாரிக்கலாம். பிள்ளையைப் பொறுத்தவரை 'தண்டனை' என்ற சொல்லைக்கூட இந்தச் சட்டம் தவிர்க்கிறது. 'குற்றம் உறுதியானதன் பேரில் பிறப்பிக்கப்படும் உத்தரவு' என்றுதான் அது சொல்கிறது.

உத்தரவு போடுவதற்கு முன் மாஜிஸ்திரேட் நன்னடத்தை அறிக்கையைப் பார்க்க வேண்டும். சமூக நல இலாகாவின் நன்னடத்தை அதிகாரி இதைத் தயாரிப்பார். பிள்ளையின் நடத்தை, வீட்டுச் சூழல், பள்ளிப் பதிவு, உடல்நிலை எல்லாம் அதில் இடம்பெறும். இந்த அறிக்கைக்காக அதிகாரி வீட்டிற்கு வரும்போது பயந்து உண்மையை மறைக்கும் குடும்பங்கள் உண்டு. 'எங்கள் வீட்டில் ஒரு குறையும் இல்லை' என்று சொல்லி அனுப்பினால், பிள்ளைக்கு என்ன உதவி தேவை என்பது நீதிமன்றத்திற்குத் தெரியாமலே போய்விடும்.

எச்சரித்து விடுவிப்பது, நன்னடத்தைப் பிணை, உறவினர் அல்லது தகுதியான ஒருவரின் பராமரிப்பில் விடுவது, அபராதம், நன்னடத்தைக் கண்காணிப்பு, துனாஸ் பக்தி பள்ளி, ஹென்றி கர்னி பள்ளி எனப் பல வழிகள் நீதிமன்றத்தின் முன் உள்ளன. துனாஸ் பக்தி பள்ளி சமூக நல இலாகாவின் கீழ் இயங்குகிறது. சுங்கை பீசியில் ஒன்று உண்டு. மலாக்கா தெலுக் மாஸில் உள்ள ஹென்றி கர்னி பள்ளி சிறைச்சாலை இலாகாவைச் சேர்ந்தது. நன்னடத்தைக் கண்காணிப்பு உத்தரவு ஓராண்டுக்குக் குறையாமலும் மூன்றாண்டுக்கு மேற்படாமலும் இருக்கும்.

இடைவெளி எங்கே?

கண்காணிப்பு உத்தரவு பெற்ற பையன் வீட்டிலேயே இருப்பான். குறிப்பிட்ட நாட்களில் நன்னடத்தை அதிகாரியைப் பார்ப்பான். ஆனால் அதிகாரியின் மேசையில் ஒரே நேரத்தில் பல பிள்ளைகளின் கோப்புகள் இருக்கும். உத்தரவு மீறப்பட்டால் நீதிமன்றத்திற்குத் தெரிவிக்க வேண்டியதும் அவர்தான். அதனால் பையன் அவரிடம் மனம் திறக்கத் தயங்குவான்.

பெற்றோரின் நிலையும் எளிதல்ல. காப்பார், கோல சிலாங்கூர், பந்திங் வட்டாரத் தோட்டங்களிலிருந்து நகருக்கு வந்த குடும்பங்களில் பலர் போர்ட் கிள்ளான் கிடங்குகளிலும் பாதுகாவலர் வேலையிலும் 12 மணி நேர ஷிப்டு பார்க்கிறார்கள். தோட்டத்தில் ஒரு பிள்ளை தவறான பாதையில் போனால் லயத்து வீடுகளில் பத்துப் பேர் பார்த்துக் கண்டித்தார்கள். அடுக்குமாடியில் பக்கத்து வீட்டுக்காரர் பெயரே தெரியாது. அந்த வெற்றிடத்தில் முதலில் வந்து தோளில் கை போடுவது பல இடங்களில் குண்டர் கும்பல்தான். 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு வெளியிட்ட பட்டியலில் 49 சட்டவிரோதக் கும்பல்களில் 40,313 உறுப்பினர்கள் இருந்ததாகவும், அவர்களில் 28,926 பேர் இந்தியர்கள் என்றும் கூறப்பட்டது. அந்த எண்ணிக்கையைப் பற்றி அன்று நிறைய வாதங்கள் நடந்தன. எப்படியிருந்தாலும், கும்பலில் இருக்கும் 'அண்ணன்' பையனுக்கு நேரம் ஒதுக்குகிறான், சாப்பாடு வாங்கித் தருகிறான், போன் செய்தால் எடுக்கிறான். அவனோடு போட்டியிட வேண்டியவர்தான் வழிகாட்டி.

நீதிமன்றத்தில் பிறந்த யோசனை

வழிகாட்டி முறை சிறார் நீதிமன்றத்திலிருந்தே தொடங்கியது. 1904-இல் நியூயார்க் சிறார் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்த எர்னஸ்ட் கூல்டர், ஒரே பிள்ளைகள் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டார். ஒரு தேவாலயக் கூட்டத்தில் பேசி, ஆளுக்கொரு பையனுக்கு அண்ணனாக இருக்கும்படி ஆண்களைக் கேட்டுக் கொண்டார். சுமார் 40 பேர் முன்வந்தனர். 'பிக் பிரதர்ஸ்' இயக்கம் அப்படித்தான் உருவானது.

அந்த இயக்கத்தைப் பற்றி 1995-இல் வெளிவந்த ஆய்வு, வழிகாட்டி கிடைத்த பிள்ளைகள் புதிதாகப் போதைப்பொருள் பழகும் வாய்ப்பு 46 விழுக்காடு குறைந்ததாகக் காட்டியது. 2002-இல் வந்த இன்னோர் ஆய்வு முக்கியமான எச்சரிக்கையைத் தந்தது. ஓராண்டுக்கு மேல் நீடித்த உறவுகளே அதிக நன்மை தந்தன. மூன்று மாதத்திற்குள் அறுந்த உறவுகள் பிள்ளைகளின் தன்மதிப்பைக் குறைத்தன. இரண்டு முறை வந்து படம் எடுத்துக் கொண்டு காணாமல் போகும் வழிகாட்டி, வராமலே இருந்திருக்கலாம் என்று பொருள்.

இன்னொரு வழக்கமும் கவனிக்கத்தக்கது. பிள்ளைகளைச் சிறைக்கு அழைத்துப் போய் பயமுறுத்தினால் திருந்துவார்கள் என்ற நம்பிக்கை நம்மிடையே உண்டு. இத்தகைய திட்டங்களைப் பற்றிய சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த கேம்பல் கூட்டமைப்பின் ஆய்வு, அவை குற்றத்தைக் குறைக்கவில்லை, கூட்டவே செய்தன என்ற முடிவுக்கு வந்தது.

ஒப்பந்தம் என்றால் என்ன?

எல்லா வேலையையும் அரசு அதிகாரிகளே செய்ய முடியாது என்பதால், பல நாடுகளில் வழிகாட்டிச் சேவையைப் பதிவு பெற்ற இயக்கங்களிடம் கொடுக்கிறார்கள். அதற்கென நிதியும் நிபந்தனையும் எழுத்தில் இருக்கும்.

நியூயார்க் நகரின் நன்னடத்தைத் துறை 2012-இல் தொடங்கிய 'ஆர்ச்சஸ்' திட்டம் நல்ல எடுத்துக்காட்டு. 16 முதல் 24 வயது வரையிலான, கண்காணிப்பில் இருக்கும் இளைஞர்களுக்காக வட்டார இயக்கங்களோடு ஒப்பந்தம் செய்யப்பட்டது. வழிகாட்டிகளில் பலர் அதே தெருக்களில் வளர்ந்து, தாங்களும் சட்டத்தோடு மோதி மீண்டவர்கள். அவர்களுக்குச் சம்பளம் உண்டு. 2018-இல் வெளியான மதிப்பீட்டின்படி, இதில் சேர்ந்தவர்கள் கடும் குற்றத்திற்காக மீண்டும் தண்டிக்கப்படும் விகிதம், சேராத ஒத்த நிலையினரை விட ஓராண்டில் 69 விழுக்காடும் இரண்டாண்டில் 57 விழுக்காடும் குறைவாக இருந்தது.

அக்கரை போக வேண்டாம், பக்கத்தில் சிங்கப்பூரிலும் 1997 முதல் வழிகாட்டுதல் திட்டம் உள்ளது. சிறு குற்றம் செய்த பிள்ளையை நீதிமன்றத்திற்கு அனுப்பாமல், போலீஸ் அவனை ஆறு மாதத் திட்டத்தில் சேர்க்கிறது. சமூக சேவை அமைப்புகள் அதை நடத்துகின்றன. ஒழுங்காக முடித்தால் எச்சரிக்கையோடு போகும்.

மலேசியாவின் சிறார் சட்டம் நன்னடத்தை அதிகாரியைப் பற்றி விரிவாகப் பேசுகிறது. கண்காணிப்பு உத்தரவில் தேவையான நிபந்தனைகளைச் சேர்க்கவும் நீதிமன்றத்திற்கு அதிகாரம் தருகிறது. நம்பகமான இயக்கம் ஒன்று வட்டாரத்தில் இருந்தால், அதை நன்னடத்தை அறிக்கையிலேயே குறிப்பிடும்படி குடும்பமோ வழக்கறிஞரோ கேட்கலாம். பள்ளிப் படிப்பை நிறுத்திய இளைஞர்களுக்குத் தொழில் பயிற்சியும் தங்குமிடமும் தரும் களும்பாங் மைஸ்கில்ஸ் அறவாரியம் போன்ற அமைப்புகள், நம் சமூகத்திலேயே இதற்கான அனுபவம் உண்டு என்பதைக் காட்டுகின்றன.

ஒப்பந்தத்தில் இருக்க வேண்டியவை

முதலாவது, காலம். குறைந்தது ஓராண்டு, வாரம் ஒரு சந்திப்பு என்று எழுத வேண்டும். வழிகாட்டி நடுவில் விலகினால் யார் பொறுப்பு ஏற்பார் என்பதும் இருக்க வேண்டும்.

இரண்டாவது, ஆள் தேர்வு. பிள்ளைகளோடு பழகப் போகிறவரின் பின்னணி சோதிக்கப்பட வேண்டும். சிறார்களுக்கு எதிராகக் குற்றம் புரிந்தோரின் பதிவேடு சமூக நல இலாகாவிடம் உள்ளது; வேலைக்கு எடுக்குமுன் அதைச் சரிபார்க்கலாம். பழைய குற்றப் பதிவு உள்ள எல்லாரையும் ஒதுக்கினால், பையன் நம்பக்கூடிய ஆளையே இழந்து விடுவோம். ஆகவே எந்தக் குற்றம் தடை, எது தடையல்ல என்பது தெளிவாக வேண்டும்.

மூன்றாவது, ரகசியம். சிறார் சட்டத்தின் 15-ஆவது பிரிவு வழக்கில் சிக்கிய பிள்ளையின் பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் வெளியிடத் தடை விதிக்கிறது. மீறினால் 10,000 ரிங்கிட் வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை அல்லது இரண்டும் கிடைக்கலாம். நன்கொடையாளருக்குக் காட்ட 'திருந்திய பையன்' என்று முகநூலில் படம் போடுவதும் ஆபத்தானதே. பையன் சொல்வதில் எதை அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும், எதைத் தங்களுக்குள் வைத்துக் கொள்ளலாம் என்பதை முதல் நாளிலேயே அவனிடம் சொல்லிவிட வேண்டும்.

நான்காவது, இடமும் நேரமும். கேரித் தீவிலிருந்தோ காப்பாரிலிருந்தோ ஒரு பையனைப் பிரிக்பீல்ட்ஸுக்கு வரச் சொன்னால் இரண்டாம் வாரமே நின்று விடுவான். அவன் ஊர்க் கோயில் மண்டபம், தமிழ்ப்பள்ளித் திடல், ஃபுட்சால் மைதானம் போதும். வழிகாட்டியின் பெட்ரோல் செலவும் ஒப்பந்தத் தொகையில் அடங்க வேண்டும்.

ஐந்தாவது, அளவுகோல். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை கூட்டம் நடந்தது என்பது வேலையின் கணக்கு மட்டுமே. பள்ளிக்கோ வேலைக்கோ போகிறானா, மீண்டும் கைதானானா, ஓராண்டு கழித்தும் உறவு நீடிக்கிறதா என்பதே பலன். பலனுக்கு மட்டுமே பணம் என்றும் வைக்கக் கூடாது. அப்படி வைத்தால், இயக்கங்கள் எளிய பிள்ளைகளைச் சேர்த்துக் கொண்டு கடினமானவர்களைத் தட்டிக் கழிக்கும்.

பணத்தின் கணக்கு

இந்தியச் சமூகத்திற்கான மித்ரா மானியம் பற்றி 2021-இல் ஊழல் தடுப்பு ஆணையம் விசாரணை தொடங்கியதும் சிலர் கைதானதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். அதன் பிறகு 'இயக்கங்களுக்குப் பணம் கொடுத்தாலே இப்படித்தான்' என்ற கசப்பு பரவியது. நேர்மையாக உழைக்கும் இயக்கங்களும் அதில் அடிபட்டன. கணக்கைத் தணிக்கை செய்து வெளியிடுவது, தொகையைக் கட்டம் கட்டமாகக் கொடுப்பது, இயக்கத் தலைவரின் சொந்த நிறுவனத்திற்கு வேலை போகாமல் பார்ப்பது ஆகியவை நல்ல இயக்கங்களுக்கே பாதுகாப்பு. மறுபக்கம், மூன்று மாத நிதியைக் கொடுத்து ஓராண்டு வேலையை எதிர்பார்க்கும் ஒப்பந்தமும் நேர்மையானதல்ல. பாதியில் பணம் நின்றால் பாதிக்கப்படுவது பிள்ளைதான்.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை

பிள்ளை கைதானால் போலீஸ் பெற்றோருக்கும் நன்னடத்தை அதிகாரிக்கும் தெரிவிக்க வேண்டும். 24 மணி நேரத்திற்குள் அவன் நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட வேண்டும். போலீஸ் நிலையத்தில் பெரியவர்களோடு சேர்த்து வைக்கக் கூடாது. வழக்கறிஞருக்குப் பணம் இல்லையென்றால் சட்ட உதவி இலாகாவையோ தேசிய சட்ட உதவி அறவாரியத்தையோ நாடலாம்.

பிணையில் விடும்போது பெற்றோருக்கும் கடமை வரும். பிள்ளையோடு சமூக நல அலுவலகத்தில் முன்னிலையாவது, பட்டறைகளில் கலந்து கொள்வது, மாதம் ஒரு முறை ஆசிரியரைச் சந்திப்பது போன்ற நிபந்தனைகள் சட்டத்திலேயே உள்ளன. உத்தரவு மலாய் மொழியில் இருக்கும். புரியாவிட்டால் கையெழுத்திடுமுன் விளக்கம் கேட்பதில் வெட்கம் வேண்டாம். ஷிப்டு வேலை இருந்தால் சந்திப்பு நாளை அதிகாரியிடம் முன்கூட்டியே பேசிக் கொள்ளலாம். ஆலோசனைக்குத் தாலியான் காசே 15999 எண்ணில் 24 மணி நேரமும் அழைக்கலாம்.

ஓர் இயக்கம் 'உங்கள் பிள்ளைக்கு வழிகாட்டுகிறோம்' என்று வந்தால், பெற்றோர் நான்கு கேள்விகள் கேட்கட்டும். யார் வருவார்? எத்தனை மாதம் வருவார்? அவர் பின்னணியைச் சோதித்தது யார்? அவர் வராமல் போனால் யாரைக் கூப்பிடுவது? இந்த நான்குக்கும் எழுத்தில் பதில் தரும் இயக்கத்தை நம்பிப் பிள்ளையை அனுப்பலாம்.